பத்தொன்பது கம்பி

எங்கள் ஊரில் இரும்பை யாரும் சும்மா விடமாட்டார்கள். அரிவாள்மனை, கேட்டுக் கீல், சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், தையல் மிஷின் என்று வீட்டில் இருக்கிற இரும்புக்கெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் போட்டாக வேண்டும். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். புதுப் பூட்டு வாங்கி எண்ணெய் காட்டாமல் விட்டால் ஒரே மாதத்தில் சாவியை உள்ளே விடாது. எங்கள் வீட்டில் இந்த வேலை என் வீட்டுக்காரருடையது. அவர் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற கிறிஸ்தவர். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில் பழைய பனியன் துணியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவார். அதுதான் அவருடைய பூசை என்று நான் கிண்டல் செய்வேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு யாருடைய கெட்ட எண்ணமோ காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் இருபது வருஷம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவள். பன்னிரண்டாவது முடித்தவள், தபாலில் பி.ஏ. தமிழ் படித்தவள் என்பதெல்லாம் உப்புத் தண்ணீருக்குத் தெரியாது. அது எல்லோர் காலையும் ஒரே மாதிரிதான் தின்னும். தை மாதம் பிறந்தால் பாத்தி மிதிக்க வேண்டும். உப்பு விளைவதற்கு முன் பாத்தியின் சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்து சிமெண்டுத் தரை போல இறுக்குகிற வேலை அது. அப்புறம் புரட்டாசி வரைக்கும் உப்பு வாருவது, சுமப்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கணுக்காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னொரு சீசன் அந்தத் தண்ணில நின்னீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வராதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த தையிலும் போய் மிதித்தேன். வேறு என்ன செய்வது?

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்படி ஒரு ஐப்பசியில்தான் இடையஞ்சாவடிப் பக்கம் இருந்த ஒரு வாத்தியப் பட்டறைக்கு மரம் தேய்க்கப் போனேன். பட்டறையை நடத்தியது ஒரு வெள்ளைக்கார அம்மா. என் வயதுதான் இருக்கும். இங்கேயே வெகுகாலம் இருந்து தமிழ் பேசப் பழகியவர். அங்கே எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் கூப்பிட்டேன். உப்புக்காகிதத்தால் மரம் தேய்ப்பது என் வேலை. ஊரில் உப்பு, இங்கேயும் உப்பா என்று முதல் நாளே சலித்துக்கொண்டேன்.

ஒருநாள் அக்கா ஒரு வாத்தியத்துக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையின் அந்தக் கோடியில் தேய்த்துக்கொண்டே, "மேலேர்ந்து நாலாவது கம்பி இறங்கியிருக்குதுக்கா" என்றேன். அவர் ஆணி திருகுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சின்ன வயதிலிருந்து கோயில் பாட்டுக்குழுவில் பாடியவள் நான். காது மட்டும் உப்பில் கெட்டுப்போகவில்லை. மறுநாளிலிருந்து சுருதி கூட்டுவது என் வேலையாயிற்று. அடுத்த மழைக்காலத்தில் வாசிக்கவும் தொடங்கினேன்.

அந்த வாத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாசித்த கம்பி ஹார்ப் அது. ஒரே கட்டையைக் குடைந்து செய்த பெட்டி. வில் மாதிரி வளைந்த முன்மரம். இரண்டையும் சேர்க்கிற மேல்மரம். மேல்மரத்தில் வரிசையாகப் பத்தொன்பது ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பித்தளை முறுக்காணி, ஆணிக்கு ஒரு கம்பி. கீழ்ச்சுரத்துக்குப் பித்தளைக் கம்பி, மேல்சுரத்துக்கு இரும்புக் கம்பி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும், அதுவும் நகத்தால். விரல் சதை படக்கூடாது. அந்தக் காலத்தில் வாசித்தவர்கள் நகம் வளர்த்து வாசித்தார்களாம்.

இன்னொன்றும் உண்டு. கம்பியைத் தட்டிவிட்டால் அது லேசில் அடங்காது, கோயில் மணி மாதிரி நின்று கேட்கும். அடுத்த சுரம் தட்டும்போது முந்தைய சுரத்தை இன்னொரு விரலால் தொட்டு அமர்த்த வேண்டும். எதை அமர்த்துவது, எதை விடுவது என்று பழைய ஏட்டில் இருந்து யாரோ எடுத்து எழுதிய கணக்கு ஒன்று உண்டு. அக்கா அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

இதில் எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டைதான்.

"எவர்சில்வர் கம்பி போட்டா துருவே பிடிக்காதேக்கா. இது ஒரு மழைக்குத் தாங்க மாட்டேங்குது."

"எவர்சில்வர் போட்டா அது இந்த வாத்தியம் இல்லை."

"வாத்தியம் என்னா, நாம வாசிக்கத்தானே? அதுக்குத் தெரியுமா நாம எந்தக் கம்பி போட்டோம்னு?"

"அதுக்குத் தெரியும்" என்பார் அக்கா, முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கோயிலில் பாடுகிற ஒரு மாதா பாட்டை அதில் வாசித்துப் பார்த்தேன். நகமாவது மண்ணாவது என்று சதையால் தட்டினேன். ஒரு கம்பியையும் அமர்த்தவில்லை. எல்லாச் சுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. என் தாடையெலும்பு வரைக்கும் அதிர்ந்தது. இருபது வருஷம் வெயிலில் நின்று என்னிடம் செத்துப்போயிருந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய வாசித்தேன். திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறார்.

"அழகா இருக்கு. ஆனா அப்படி வாசிக்கக் கூடாது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அழகா இருந்தா ஏங்க்கா கூடாது?"

"அழகு எல்லா வாத்தியத்துலயும் இருக்கு. இது அன்னிக்கு எப்படிப் பேசிச்சுன்னு தெரியணும்னா, அது பேசின மாதிரி பேச விடணும். நீ உன் பேச்சை அது வாயில வைக்கிற."

"அது பேசினதைக் கேட்ட ஆள் எவனாவது உயிரோட இருக்கானா? வாசிச்சவன் எல்லாம் செத்து, கத்துக்க ஆளில்லாம இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே அறுந்துபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? யாருக்குமே தெரியாத ஒண்ணை எப்படிக்கா சரியா வாசிக்கிறது?"

அக்கா சிரித்துவிட்டார். "அதான் என் கஷ்டமும்" என்றார்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சுவர்க் கணக்கைத் திட்டிக்கொண்டேதான் பழகினேன். ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு சின்னப் பாட்டு, பத்து சுரம்கூட இருக்காது. தட்டுகிற விரலும் அமர்த்துகிற விரலும் ஒருநாள் தானாக ஒத்துவந்தன. அதுவரைக்கும் இரைச்சலில் மூழ்கிக் கிடந்த பாட்டு திடீரென்று தனியே எழுந்து நின்றது. நான் வாசிக்கிற மாதிரியே இல்லை. பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்து வாசிக்கிற மாதிரி இருந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார்.

போன கார்த்திகையில்தான் அக்கா அந்த விஷயத்தைச் சொன்னார். பழைய வாத்தியங்களைப் பழைய முறையிலேயே வாசிக்கிற ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. அக்கா செய்கிற வாத்தியங்களைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள். அவர்களிடம் கம்பி ஹார்ப் வாசித்தவர் விலகிவிட்டார். குழுத் தலைவர் ஜனவரியில் வருகிறார். புதிதாகச் செய்த ஹார்ப்பைக் கேட்டுப் பார்ப்பார், கூடவே என்னையும் கேட்டுப் பார்ப்பார். பிடித்துப்போனால் குழுவில் அந்த இடம் எனக்கு. கச்சேரி இல்லாத மாதங்களில் பட்டறையில் வருஷம் முழுக்க வேலை.

வருஷம் முழுக்க. அந்த ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. இனிமேல் தை பிறந்தால் பாத்திக்குள் இறங்க வேண்டாம். காலும் பிழைக்கும், அந்த வாத்தியமும் கையில் இருக்கும். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இப்படி ஒரு கதவு இன்னொருமுறை திறக்காது என்று எனக்கே தெரிந்தது.

நகம்தான் இடித்தது. உப்பில் ஊறிய நகம் கொட்டாங்கச்சி மாதிரி கடினமாகத் தெரியும், ஆனால் லேசாக இடித்தால் அடுக்கடுக்காக உரிந்து வரும். பாத்திரம் தேய்த்தால் போச்சு. என் வீட்டுக்காரர் உப்பளத்தில் டீசல் இன்ஜின் ஓட்டுகிறவர். ஹார்ப் விஷயத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "இன்னாமே, வெள்ளைக்காரங்க மாடு கட்டற கம்பியைக் கட்டி வெச்சிக்கினு வாத்தியம்ன்றாங்க" என்பார். அப்படிப்பட்டவர், நகம் வளர்க்க வேண்டும் என்று நான் சொன்ன மறுநாள் காலையில் பாத்திரத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். ஒன்றரை மாதம் அவர்தான் தேய்த்தார். தெருப் பெண்கள் சும்மா விடுவார்களா? "இன்னாண்ணே, சாம்பல் வேணுமா, சோப்பு வேணுமா?" என்று வேண்டுமென்றே கேட்பார்கள். "அவ நகத்துக்கு ரேஷன் கார்டு வாங்கப்போறேன், தள்ளிப் போங்க" என்று பதில் சொல்லிவிட்டுத் தேய்ப்பார். இடையில் ஒருநாள் மட்டும் ஜுரம் வந்து படுத்துவிட்டார். அன்றைக்கு நான் ஒரு மீன்சட்டியைத் தேய்க்கப்போய் மோதிரவிரல் நகம் உடைந்தது. நல்லவேளை, நாள் இருந்ததால் அது திரும்ப வளர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது. பட்டறைக்குப் பன்னிரண்டு நாள் லீவு. பழகாமல் விட்டால் கை மறந்துவிடும் என்று சொல்லி, அக்கா அந்தப் புது ஹார்ப்பை என்னோடு வீட்டுக்கு அனுப்பினார். ஒரு வருஷம் எடுத்துச் செய்த வாத்தியம். கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அனுமந்தையில் ஏறிய மீன்காரம்மா, "உள்ள இன்னாடி, பேரனா?" என்று கேட்டது. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் கிளம்பும்போது அக்கா சொன்னது இவ்வளவுதான்: "கடல் காத்துல வைக்காதே. வாசிச்சதும் காஞ்ச துணியால துடை. சுத்தி வை." எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹார்ப்புக்கு யாராவது எண்ணெய் போடுவார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

புது வருஷம் பிறந்ததும் உப்பள மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். "பாத்தி மிதிக்க தை பிறந்ததும் வந்துடும்மா" என்றார். "இந்த வருஷம் வரலைங்க. இனிமேலும் வரலைங்க" என்றேன். கொஞ்சம் திமிராகவே சொன்னேன். அவர் என் நகங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே என் இடத்துக்கு வேறு ஆள் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஹார்ப்பை உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு போர்வை சுற்றித்தான் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் காற்று வராத இடம் அது ஒன்றுதான். இருந்தும் என்ன? செவ்வாய்க்கிழமை அந்தக் குழுத் தலைவர் கேட்க வருகிறார். முந்தைய சனிக்கிழமை போர்வையைப் பிரித்தால் மேல்சுரக் கம்பிகளில் செம்புள்ளிகள். கடுகு தாளித்துத் தெறித்த மாதிரி ஒவ்வொரு இரும்புக் கம்பியிலும் வரிசையாக. துணியால் தேய்த்தேன், போகவில்லை. உப்புக்காகிதம் போட்டால் கம்பி மெலியும். மாற்றுக் கம்பி பட்டறையில் பூட்டிக் கிடந்தது, அக்கா ஊரில் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் குனிந்து ஒரு கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் வேறு எதையும் வேண்டவில்லை. மாதாவே, அந்தத் துருவை எடுத்துடு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அடக்கப் பார்க்கிறார், அடங்கவில்லை.

"உள்ள போய்ப் பாரு" என்றார்.

ஹார்ப் போர்வை இல்லாமல் கட்டில்மேல் சாய்ந்திருந்தது. பத்தொன்பது கம்பியும் பளபளவென்று மின்னின. ஒரு புள்ளி இல்லை.

"எண்ணெய் போட்டு ஊற வெச்சு, நகத்தாலயே சுரண்டி எடுத்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. இன்ஜினுக்குப் போடற கருப்பு ஆயில் போடுவேனா? நீ தலைக்கு வெக்கிற தேங்காய் எண்ணெய்தான். ஆணி நுழையற ஓட்டை இருக்குது பாரு, அதுல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சொட்டு உட்டிருக்கேன். இனிமே ஆணியும் களிம்பு புடிக்காது, சுலுவா திரும்பும்."

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்திருந்தால் நான் கெட்டிக்காரி. வரவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே. இரும்பு பளபளக்கிறது, ஆணி சுலபமாகத் திரும்புகிறது, அப்புறம் என்ன? அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சாப்பிட்ட சாப்பாடு வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை வாசித்தபோது நகம் வழுக்கியது. துணியால் நன்றாகத் துடைத்தேன். இரண்டு கம்பி இறங்கியிருந்தது, கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இறங்கியது. பனிக்காலம், மரம் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் உட்கார்ந்தேன். வந்தவர் வயதானவர், ஒல்லியானவர். கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என் பக்கத்தில் நின்றார். நான் சுருதி கூட்டி, சுவர்க் கணக்கு வழுவாமல், நகத்தால் தட்டி, தட்டியதை அமர்த்தி, முதல் பாட்டைத் தொடங்கினேன். முதல் நாலு வரி சரியாகத்தான் போனது. அந்தப் பழைய கை, என் பின்னாலிருந்து வாசிக்கிற கை, அன்றைக்கும் வந்தது. இது உனக்குத்தான் என்று என் மனசு சொன்னது. அப்போது மேலேயிருந்து மூன்றாவது ஆணி கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பின்னால் சுழன்றது.

கம்பி தொய்ந்தது. நான் நிறுத்தவில்லை. அடுத்து ஆறாவது. அடுத்து ஒரு பித்தளைக் கம்பி. ஒன்று இறங்கினால் இழுப்பு மாறி மற்றவையும் சுருதி தப்பும். எண்ணெய் இரண்டு நாளில் ஓட்டையின் உள்பக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. மரம்தான் ஆணியைக் கவ்விப் பிடிக்கிறது, அந்த வாத்தியத்தில் வேறு பிடிப்பே கிடையாது. அது இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் நாங்கள் சுலபமாகத் திரும்பட்டும் என்று எண்ணெய் விட்டிருந்தோம். என் கைக்குக் கீழேயே பாட்டு கரைந்துகொண்டிருந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. நகத்தை விட்டேன், கணக்கை விட்டேன், சதையால் அடித்தேன். இருக்கிற கம்பியில் அந்த மாதா பாட்டையே, அமர்த்தாமல், இரையட்டும் என்று, கதறுகிற மாதிரி வாசித்தேன். கடைசியில் கையில் சுரமே இல்லை, கம்பிகள் மட்டும் கிலுகிலுத்தன.

அக்கா வந்து ஓர் ஆணியை உருவினார். சாவி தேவைப்படவில்லை, விரலாலேயே வந்துவிட்டது. மூக்கருகில் கொண்டுபோனார். என் தலையைப் பார்த்தார். காலையில்தான் எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னியிருந்தேன்.

"எண்ணெய் போட்டியா?"

நான் அவரைப் பார்த்தேன். வாய்வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் போட்டார், எனக்குத் தெரியாமல், நான் பூசையில் இருக்கும்போது. இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை என்னை மன்னித்திருப்பார்கள். இன்னொரு மேல்மரம் செய்தபிறகு மறுபடியும் கேட்டிருப்பார்கள். ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் ஸ்டாப்பில் நிற்பார், அந்த முகத்தை நான் பார்த்தாக வேண்டும். ஒன்றரை மாதம் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்த மனிதர். சின்ன விஷயத்துக்கெல்லாம் தெருவே கேட்கக் கத்துகிறவள் நான். அன்றைக்குக் குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"நான்தான் போட்டேன்க்கா. துரு பிடிச்சுது."

"உனக்கு ஒரு தடவை என்னைக் கேக்கணும்னு தோணலையா?" என்று சொல்லி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "மரம் குடிச்சிடுச்சு. இனிமே இதுல சுருதி நிக்காது."

அந்தப் பெரியவர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிக்கு மேல் புரிந்தது. மீதியை அக்கா, என்னைப் பார்க்காமல், தமிழில் சொன்னார். "கடைசியில வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சாம். ஆனா உனக்கு வாசிக்கிற சந்தோஷம்தான் பெருசு, வாத்தியம் பெருசில்லைன்னு சொல்றார். நினைச்சதை எல்லாம் அது மேல செய்யறவங்க கையில இதைக் கொடுக்க முடியாதாம்."

சந்தோஷமாம். நான் நெஞ்சு வெடித்து வாசித்ததற்கு அவர் வைத்த பெயர் அது. ஆனாலும் என் பொய்யை நான்தானே சுமக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"இன்னாச்சு?"

"நகம் சரியில்லைன்னு சொல்லிட்டாங்க."

"நகமா?" நடுரோட்டில் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக்காரர்களை ஒரு பாட்டம் திட்டினார். வண்டியை எடுத்தார், கொஞ்ச தூரம் போனோம். அப்புறம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "அன்னிக்கு எனக்கு ஜுரம் வந்துச்சே. நீ மீன்சட்டி தேச்சியே. அந்த மோதிர விரலுதானே? எழுந்து நானே தேச்சிருக்கணும்."

"அதில்லைங்க" என்றேன். "எது?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. இன்றைக்கும் அவர் அந்த மீன்சட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தினத்தந்தியில் தலைப்பு மட்டும் பார்க்கிறவர். இவ்வளவு பக்கம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மேஸ்திரி வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் குத்திக்காட்டாமல் நாலு நாள் கழித்து வரச்சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் தேவலை. பாத்திக்குள் கால் வைத்த முதல் நாளே புண் வாய் திறந்தது. நகம் எல்லாம் மாசி முடிவதற்குள் போய்விட்டது.

பங்குனியில் அக்கா ஒரு வேனில் அந்த ஹார்ப்பை அனுப்பிவைத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "இது இனிமே எங்களுக்கு ஆகாது. உனக்குப் பிடிச்ச மாதிரி வாசி." கோபத்தில் எழுதினாரா, பிரியத்தில் எழுதினாரா, எனக்குத் தெரியவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் காலைக் கழுவி மருந்து போட்டுவிட்டு அதை எடுத்துத் தோளில் சாய்க்கிறேன். நகம் இல்லை, அதனால் சதைதான். எவர்சில்வர் கம்பி போட்டாலும் கேட்பாரில்லை. எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆசைப்பட்டது இதுதானே என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கை கேட்க மாட்டேன் என்கிறது. தட்டிய கம்பியை அடுத்த விரல் போய் அமர்த்துகிறது, அந்தச் சுவர்க் கணக்குப்படியே. கொஞ்ச நேரம் பாட்டு எழுந்து நிற்கும். அப்புறம் ஆணி சுழலும், சுருதி இறங்கும். கூட்டுவேன், இறங்கும். ஒருநாள்கூட ஒரு பாட்டை முழுசாக வாசித்து முடித்ததில்லை. இரும்புக் கம்பிகள் துருவேறி ஒவ்வொன்றாக அறுகின்றன. பத்தொன்பதில் இன்றைக்குப் பதினொன்று மிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை உடம்பு முடியாமல் பூசைக்குப் போகவில்லை, படுத்துக் கிடந்தேன். அவர் பனியன் துணியும் கிண்ணமுமாக வீட்டைச் சுற்றி வந்தார். தாழ்ப்பாள், கீல், தையல் மிஷின் எல்லாம் முடித்துவிட்டு ஹார்ப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாமே இது, இவ்ளோ துரு? நீயும் கண்டுக்க மாட்டேன்ற. ரெண்டு சொட்டு உடட்டா? அன்னிக்கு எப்படிப் பளபளன்னு இருந்துச்சு."

"வேணாங்க" என்றேன்.

"ஏன்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய் காணாத இரும்பு அது ஒன்றுதான்.